நோயன்று, கட்டளையே!

வீட்டிலுள்ள கணனி நேற்றிரவு வரை ஒழுங்காக இயங்கிற்று. இன்று காலை மின்விசையை அழுத்தியதும் திரை முழுவதும் கருமையாகத் தோன்றுகிறது. நான்கு மூலைகளிலும் ‘சேஃப் மோட்’ என்னும் சொற்கள் காவற்காரர்போல் நிற்கின்றன. எழுத்துக்களும் சின்னங்களும் பருத்துக் காணப்படுகின்றன. ஒலி இல்லை, இணையத் தொடர்பு இல்லை, அச்சுப்பொறி அசையவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் மறுபடியும் அதே கோலம். பத்து முறை தொடங்கினாலும் பத்து முறையும் அதே கோலந்தான்.

“வைரஸ் புகுந்துவிட்டது” என்று தீர்ப்புக் கூறுகிறார் மூத்த அண்ணர். “வாங்கி ஆறு வருடமாயிற்று, இனிப் புதியதொன்று வாங்கத்தான் வேண்டும்” என்று பெருமூச்செறிகிறார் தந்தையார். “நேற்று இதனைத் தொட்டவர் யார்?” என்ற தாயாரின் கேள்விக்கு மட்டும் விடை கிடைப்பதில்லை. ஈற்றில் யந்திரம் ஒரு பையில் ஏறிக் கடைக்குப் பயணமாகிறது. அங்கே அவசரத்தில் இருக்கும் ஒருவர், உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்தழித்து, இயங்குதளத்தைப் புதிதாகப் பதித்து, மாலையில் திருப்பித் தருகிறார். கணனி ஓடுகிறது. ஆனால் அதனுள்ளே இருந்த தங்கையின் திருமணப் படங்களும், உயர்தர வகுப்பு மாணவனின் செயற்றிட்ட அறிக்கையும், காலஞ்சென்ற பாட்டியாரின் குரற்பதிவும் போன இடந் தெரியவில்லை.

இத்தகைய இழப்புக்களுட் பல, நேரவேண்டியவையே அல்ல. மேலே கூறிய கோலத்தில் நிற்கும் கணனிக்குப் பெரும்பாலும் நோய் எதுவும் இல்லை. எவரோ இட்ட ஒரு கட்டளைக்கு அது கீழ்ப்படிந்து நிற்கிறது, அவ்வளவே. அக்கட்டளை யாது, அஃது எங்கே இடப்பட்டது, அதனை மீளப்பெறும் வழி யாது என்பனவற்றை இவ்வாரம் ஆராய்வோம். மைக்ரோசொப்ட் நிறுவனத்தாரின் விண்டோஸ் இயங்குதளத்தையும், அதிலே 10ஆம், 11ஆம் பதிப்புக்களையும் உதாரணமாகக் கொள்வோம்.

தொடக்கம் நிகழும் முறை

கணனியின் தொடக்கம் ஒரே கணத்தில் நிகழ்வதன்று, படிப்படியாக நிகழ்வது. மின்சாரம் பாய்ந்ததும், தாய்ப்பலகையிலே பதிந்துள்ள ஒரு சிறு செய்நிரல் முதலில் விழித்தெழுந்து, நினைவகம், விசைப்பலகை, வன்றட்டு முதலிய உறுப்புக்கள் தத்தம் இடத்தில் உள்ளனவா என்று பார்க்கிறது. பின்னர் அது, ‘பூட் மனேஜர்’ எனப்படும் தொடக்க மேலாளரிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. தொடக்க மேலாளர் தன் விருப்பப்படி எதையும் செய்வதில்லை. அவர் ஒரு பதிவேட்டைத் திறந்து பார்க்கிறார். எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது, அஃது எந்த வன்றட்டில் உள்ளது, எவ்விதமாகத் தொடங்குவது என்பன யாவும் அதிலே எழுதப்பட்டிருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலம்வரை இப்பதிவேடு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாக இருந்தது. 2007ஆம் ஆண்டில் வீடுகளுக்கு வந்த விஸ்டா பதிப்பு முதலாக, ‘பீ.சீ.டி.’ என்று சுருக்கமாக வழங்கும் தரவுக் களஞ்சியம் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

பதிவேட்டிற் கண்டபடி இயங்குதளத்தின் கரு நினைவகத்தில் ஏறுகிறது. அதன் பின் திரை, ஒலி, வலையமைப்பு முதலியவற்றை நடத்தும் செலுத்திகள் ஏறுகின்றன. அவற்றின் பின் கண்ணுக்குப் புலப்படாமல் வேலை செய்யும் சேவைகள் எழுகின்றன. ஈற்றிலேதான் நமது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரை தோன்றுகிறது.

புகைவண்டிப் பாதையில் ஒரு பாலத்தைப் பழுதுபார்க்கும்போது, “இவ்விடத்தில் மெதுவாகச் செல்க” என்று வண்டிச் சாரதிக்கு உத்தரவு கொடுப்பதுண்டு. பாலம் திருத்தப்பட்ட பின்னரும், அவ்வுத்தரவை எவரும் இரத்துச் செய்யாவிடின் வண்டி மெதுவாகவே செல்லும். “வண்டி பழுதாகிவிட்டது” என்று பிரயாணிகள் முறையிடுவர். வண்டியிலே பழுதில்லை, பாலத்திலும் பழுதில்லை, இரத்துச் செய்யப்படாத உத்தரவொன்றே அங்கே உள்ளது. நமது கணனியின் கதையும் இதுவே.

காப்பு நிலை என்றால் என்ன?

‘சேஃப் மோட்’ என்பதைத் தமிழிற் காப்பு நிலை எனலாம். 1995ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 95 முதலாக இஃது இருந்துவருகிறது. நோயாளிக்கு வைத்தியர் கஞ்சியை மட்டும் கொடுத்து, எந்த உணவினால் வயிறு கெட்டதென்று அறிவது போன்ற முறை இது. உயிர் தரிக்க எவை இன்றியமையாதனவோ அவற்றை மட்டும் ஏற்றி, ஏனையவற்றை வாசலிலே நிறுத்திவிடுகிறது இயங்குதளம். எவற்றை உள்ளே விடலாம் என்பதற்கு அதனிடம் ஆயத்தமான பட்டியல் உண்டு. மிகச் சுருங்கிய பட்டியல் ஒன்று. வலையமைப்பையும் சேர்த்துக்கொண்ட பட்டியல் மற்றொன்று.

ஆகவே காப்பு நிலையில் ஒலி கேளாதிருப்பதும், படங்கள் தெளிவின்றித் தோன்றுவதும் குற்றங்களல்ல. சுருங்கிய பட்டியலில் வலையமைப்பு இல்லாதபடியால் இணையமும் கிடைக்காது. மென்பொருள்களைப் பதிக்கும் ‘விண்டோஸ் இன்ஸ்ரோலர்’ என்னும் சேவையும் அங்கே எழாது. எனவே அதனைச் சார்ந்த மென்பொருள்களைப் பதிக்கவோ நீக்கவோ முயன்றால் பிழைச் செய்தியே வரும். இவற்றைக் கண்டு மனங்கலங்க வேண்டியதில்லை.

மாறாக, இதிலே ஆறுதலடைய வேண்டிய ஒரு செய்தி உண்டு. காப்பு நிலை தோன்றுகிறதெனில் வன்றட்டு வாசிக்கப்படுகிறது. இயங்குதளத்தின் கரு ஓடுகிறது. உங்கள் கோப்புக்களும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ‘பென் டிரைவ்’ எனப்படும் சிறு நினைவகம் காப்பு நிலையிலும் வேலை செய்யும். ஆகையால் எந்தப் பரிகாரத்தையும் தொடங்குமுன், அதனைச் செருகி, இன்றியமையாத படங்களையும் பாடக் குறிப்புக்களையும் பிரதிசெய்து கொள்ளுங்கள். அதன் பின்னர் நேர்வது எதுவாயினும் அதனை அமைதியோடு எதிர்கொள்ளலாம்.

இரு வாசல்கள்

காப்பு நிலைக்குச் செல்லப் பிரதானமான வாசல்கள் இரண்டு உள. இவ்விரண்டின் வேற்றுமையை அறிந்துகொள்வதே இக்கட்டுரையின் உயிர்நாடி எனலாம்.

முதலாவது வாசல் ஒருமுறை வாசல். ‘ஷிப்ட்’ விசையை அழுத்தியபடி ‘ரீஸ்டார்ட்’ என்பதைத் தெரிவுசெய்தால் ஒரு நீலத் திரை தோன்றும். அதிலே ‘ட்ரபிள்ஷூட்’, அதன்பின் ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’, அதன்பின் ‘ஸ்டார்ட்டப் செற்றிங்ஸ்’ என்று முறையே சென்று, மறுபடியும் ‘ரீஸ்டார்ட்’ என்பதை அழுத்தவேண்டும். இலக்கமிட்ட ஒரு பட்டியல் வரும். 4 என்ற இலக்கம் சாதாரண காப்பு நிலைக்கும், 5 வலையமைப்போடு கூடிய காப்பு நிலைக்கும், 6 கட்டளைத் திரையோடு கூடிய காப்பு நிலைக்கும் உரியன. இவ்வழியாற் சென்றவர் வேலை முடிந்ததும் கணனியை மறுபடி தொடங்கினால், அது தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பதிவேட்டில் நிலையான மாற்றம் எதுவும் எழுதப்படுவதில்லை. முற்காலத்தில் தொடங்கும் வேளையில் எஃப் 8 என்னும் விசையை அழுத்தியே இப்பட்டியலை வரவழைத்தனர். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதலாகத் தொடக்கம் மிக விரைவானமையால், அவ்விசை சாதாரணமாகப் பயன்படுவதில்லை.

இரண்டாவது வாசல் நிலைத்த வாசல். இஃது ‘சிஸ்டம் கொன்ஃபிகரேஷன்’ எனப்படும் அமைப்புக் கருவியில் உள்ளது. விண்டோஸ் 98 உடன் வந்த பழைய கருவி இது. அதிலே ‘சேஃப் பூட்’ என்ற சொற்களின் அருகே ஒரு சிறு பெட்டி இருக்கும். அப்பெட்டியில் ஒரு சரிக்குறி இட்டு ‘ஓகே’ என்பதை அழுத்தினால், பதிவேட்டில் ஒரு நிலையான உத்தரவு எழுதப்படுகிறது. “இனித் தொடங்கும் போதெல்லாம் காப்பு நிலையிலேயே தொடங்குக” என்பது அதன் பொருள். நாளை, நாளை மறுநாள், அடுத்த வருடம் என்ற பேதம் அதற்கில்லை. குறியை இட்டவர் அதனை மறந்துவிடலாம், கணனி மறப்பதில்லை.

இக்குறியை இடுபவர்கள் கெட்ட எண்ணத்தோடு இடுவதில்லை. கணனியின் வேகத்தைக் கூட்டும் உபாயமென்று எங்கோ வாசித்துவிட்டு ஒரு மாணவன் இட்டிருக்கலாம். வைரஸை நீக்க வந்த நண்பர் இட்டுவிட்டு, எடுக்க மறந்து சென்றிருக்கலாம். எவ்விதமாயினும் பரிகாரம் ஒன்றே.

பரிகாரம்

காப்பு நிலையில் நிற்கும் கணனியிலே விண்டோஸ் சின்னம் பொறித்த விசையையும் ஆர் என்னும் எழுத்து விசையையும் ஒருங்கே அழுத்துங்கள். ஒரு சிறு பெட்டி திறக்கும். அதிலே எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்னும் எட்டு ஆங்கில எழுத்துக்களையும் இடைவெளியின்றி எழுதி, ‘என்ரர்’ விசையை அழுத்துங்கள். மேலே கூறிய அமைப்புக் கருவி தோன்றும். இதற்கு நிர்வாகி அதிகாரமுள்ள கணக்கு வேண்டும் என்பதை நினைவிற் கொள்க.

கருவியின் மேற்புறத்தில் ‘பூட்’ என்னும் தலைப்பைத் தெரிவுசெய்யுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளங்கள் அங்கே காணப்படின், இப்போது இயங்குவதைத் தெரிந்துகொள்ளுங்கள். கீழே ‘சேஃப் பூட்’ என்பதன் அருகிலுள்ள குறியை நீக்குங்கள். ‘ஓகே’ என்பதை அழுத்தி, கணனியை மறுபடி தொடங்குங்கள். கருந்திரை மறைந்து பழைய முகம் தோன்றினால் வேலை முடிந்தது. துடைத்தழிக்க வேண்டியதும் இல்லை. புதிது வாங்க வேண்டியதும் இல்லை.

உள்ளே நுழைய முடியாவிடின்?

சிலவேளை இதைவிடச் சிக்கலான நிலைமை ஏற்படுவதுண்டு. நாள்தோறும் நான்கு இலக்கங்களைக்கொண்ட இரகசிய எண்ணை அழுத்திப் பழகியவர்கள், காப்பு நிலையில் அந்த எண் ஏற்றுக்கொள்ளப்படாமையைக் கண்டு திகைப்பர். அந்த எண்ணைச் சரிபார்க்கும் சேவைகள் காப்பு நிலையில் எழாமலிருத்தல் கூடும். அங்கே கணக்கின் முழுமையான கடவுச்சொல்லையே கொடுக்கவேண்டும். அதனை எழுதி வைத்தவர்கள் தப்பித்துக்கொள்வர். எழுதி வைக்காதவர்கள் வாசலிலே நிற்பர்.

அவ்வாறு நிற்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பெயர் கேட்கும் திரையின் கீழ்மூலையிலே மின்விசைச் சின்னம் இருக்கிறது. ‘ஷிப்ட்’ விசையை அழுத்தியபடி அங்கிருந்தும் ‘ரீஸ்டார்ட்’ செய்யலாம். முன் சொன்ன நீலத் திரையில் ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ வரை சென்று, அங்கே ‘கொமாண்ட் ப்ரொம்ட்’ என்னும் கட்டளைத் திரையைத் திறக்கவேண்டும். அது கடவுச்சொல்லையோ மீட்புத் திறவுகோலையோ கேட்பினும் கேட்கும். திறந்ததும் பின்வரும் கட்டளையை ஆங்கில எழுத்துக்களில் எழுதுக: முதலில் ‘பிசிடிஎடிற்’, அதாவது பி, சி, டி, இ, டி, ஐ, ரி என்னும் ஏழு எழுத்துக்கள். பின் ஓர் இடைவெளி. பின் வலப்புறம் சாய்ந்த கோடொன்றும், அதனோடு ஒட்டி ‘டிலீற்வல்யூ’ என்னும் இரு சொற்களும் சேர்த்து ஒரே சொல்லாக. மீண்டும் இடைவெளி. நெளிந்த அடைப்புக்குறிகளுள்ளே ‘டிபோல்ட்’ என்ற சொல். மீண்டும் இடைவெளி. ஈற்றிலே ‘சேஃப்பூட்’ என்று சேர்த்து எழுதப்பட்ட ஒரே சொல். ‘என்ரர்’ விசையை அழுத்தினால், பதிவேட்டிலிருந்து அந்த உத்தரவு மட்டும் அழிக்கப்படும், வேறொன்றும் அழியாது. கணனியை மறுபடி தொடங்கினால் வழக்கமான நிலை திரும்பும்.

பெயர் கேட்கும் திரையும் தோன்றாத கணனியில், தொடக்கம் இரண்டு மூன்று முறை தொடர்ந்து தடைப்பட்டால், இயங்குதளம் தானாகவே மீட்புத் திரையைக் காட்டும். இதனை அறியாதவர்கள், மின்தடையின் பின் அத்திரை தோன்றியதும் அஞ்சுவர். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமையன்று, பாணந்துறை உப மின்நிலையத்திலே ஒரு குரங்கு புகுந்ததனால் நாடு முழுவதும் மின்சாரமிழந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய வேளையில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தால், தொடக்கம் பாதியில் முறிவது இயல்பே. மீட்புத் திரையிலே தொடர்ந்து செல்வதற்கான ‘கொண்டினியூ’ என்னும் தெரிவை முதலில் முயன்று பாருங்கள். சில வேளைகளில் அதற்கு மேல் வேறெதுவும் வேண்டியிராது.

மூன்று தெரிவுகள்

அமைப்புக் கருவியின் முதலாந் தலைப்பாகிய ‘ஜெனரல்’ என்பதிலே மூன்று தெரிவுகள் உள. ‘நோர்மல்’ என்பது எல்லாவற்றையும் ஏற்றும் வழக்கமான தொடக்கம். ‘டயக்னோஸ்டிக்’ என்பது நோயறி தொடக்கம். அடிப்படையானவற்றை மட்டும் ஏற்றும். ‘செலெக்டிவ்’ என்பது தெரிவுத் தொடக்கம். நாம் வேண்டுமென்றவற்றை மட்டும் ஏற்றும்.

“வழக்கமான தொடக்கத்தைத் தெரிந்தாலும் அது தெரிவுத் தொடக்கத்துக்கே மாறிவிடுகிறதே” என்று முறையிடுவோர் பலர். இதிலும் நோய் இல்லை. ஏதேனும் ஒரு சேவையை நீங்கள் நிறுத்தியிருந்தால், “எல்லாவற்றையும் ஏற்றவில்லை” என்று உண்மையைச் சொல்வதற்காகவே அக்குறி இடம் மாறுகிறது. நிறுத்தியதை மனமறிந்து நிறுத்தியிருப்பின் அதனை அப்படியே விட்டுவிடலாம்.

குறியை நீக்கிய பின்னரும் வழக்கமான தொடக்கத்திற் கணனி தடுமாறி, காப்பு நிலையில் மட்டும் செம்மையாக ஓடுமாயின், அங்கே உண்மையான குற்றவாளி ஒன்று உண்டு என்று கொள்ளலாம். அண்மையிற் சேர்ந்த செலுத்தியோ சேவையோ மென்பொருளோ அதுவாக இருக்கலாம். அதனைக் கண்டுபிடிக்கும் முறை மாணவர்களுக்கு நல்லதொரு கணிதப் பயிற்சியுமாகும். ‘சேர்விசஸ்’ என்னும் தலைப்பிற் சென்று, முதலாவதாக ‘ஹைட் ஓல் மைக்ரோசொப்ட் சேர்விசஸ்’ என்பதற்குக் குறியிடுங்கள். இதனைச் செய்யாமல் யாவற்றையும் நிறுத்துவது, வீட்டைக் கூட்டப்போய்த் தூணைப் பெயர்ப்பது போலாகும். குறியிட்டபின் எஞ்சியவை, பிறர் கொண்டுவந்து சேர்த்தவை. அவை பதினாறு என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் நிறுத்தித் தொடங்கிப் பாருங்கள். தடுமாற்றம் நீங்கினால் குற்றவாளி அப்பதினாறினுள் இருக்கிறது. இனி எட்டை மட்டும் அனுமதித்துத் தொடங்குங்கள். தடுமாற்றம் வந்தால் அது இவ்வெட்டில் உண்டு. வராவிடின் மற்றைய எட்டில் உண்டு. அவ்வெட்டை நான்காக்கி, நான்கை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கினால், குற்றவாளி ஒன்றேயாயின் நான்காவது சோதனையில் அது கையிற் சிக்கும். ஒவ்வொன்றாகச் சோதித்தால் பதினைந்து சோதனைகள் வரை வேண்டியிருக்கும். சேவைகளில் எதுவும் அகப்படாவிடின், கணனி தொடங்கும்போது தாமாகவே எழும் மென்பொருள்களை ‘டாஸ்க் மனேஜர்’ என்னும் கருவியிலே ‘ஸ்டார்ட்டப்’ என்ற பகுதியில் இதே முறையிற் சோதிக்கலாம்.

தொடக்கூடாத இடங்கள்

‘பூட்’ தலைப்பின் உள்ளே ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ என்று ஒரு பகுதி உண்டு. அங்கே செயலிகளின் எண்ணிக்கை, உச்ச நினைவக அளவு என்னும் இரு பெட்டிகள் இருக்கின்றன. பெரிய எண்ணை இட்டால் வேகம் கூடும் என்ற ஒரு நம்பிக்கை மாணவரிடையே உலாவுகிறது. இது தவறு. அவை கூட்டுவதற்காக ஏற்பட்டவையல்ல. சோதனைக்காகக் குறைப்பதற்கு ஏற்பட்டவை. குறியிடாமல் விட்டாலே கணனி தன்னிடமுள்ள செயலிகள் அனைத்தையும், நினைவகம் முழுவதையும் பயன்படுத்திக்கொள்ளும். நினைவகத்தின் அளவை மிகச் சிறிதாக இட்டவர், தொடங்கவே இயலாத கணனியைப் பெறுவர்.

‘பூட்’ தலைப்பிலேயே ‘மேக் ஓல் பூட் செற்றிங்ஸ் பேமனன்ட்’ என்று மற்றொரு பெட்டியும் உண்டு. அதற்குக் குறியிட்டால், பின்னர் ‘நோர்மல்’ என்பதைத் தெரிந்து ஒரே அடியிற் பழைய நிலைக்குத் திரும்பும் வசதியை இழப்பீர்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியே தேடி நீக்கவேண்டும். ஆதலால் இப்பெட்டியைத் தொடாது விடுவதே நன்று.

உலகம் கற்ற பாடம்

காப்பு நிலை நம் வீட்டுக்கு மட்டும் உரிய சிறு விஷயம் என்று எண்ணற்க. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆந் திகதி, இலங்கை நேரப்படி காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் தனது மென்பொருளுக்கு ஒரு சிறு திருத்தக் கோப்பை அனுப்பிற்று. அக்கோப்பிலே பிழையிருந்தது. அதனைப் பெற்ற விண்டோஸ் கணனிகள் நீலத் திரையுடன் வீழ்ந்தன; எழும்போது மறுபடியும் அதே கோப்பை வாசித்து மறுபடியும் வீழ்ந்தன. விமான நிலையங்களிற் பிரயாணிகள் தேங்கினர். வங்கிகளும் வைத்தியசாலைகளும் தடுமாறின. பாதிக்கப்பட்ட கணனிகள் ஏறத்தாழ 85 இலட்சம் என்று மைக்ரோசொப்ட் மதிப்பிட்டது.

அந்நிறுவனம் 78 நிமிடங்களிற் பிழையான கோப்பை மீளப்பெற்றது. ஆனால் ஏற்கெனவே வீழ்ந்தவற்றுட் பலவற்றுக்கு அது பயன்படவில்லை. திருத்தத்தைப் பெறுமளவுக்கு அவை விழித்திருக்கவில்லை. ஒவ்வொரு கணனியின் முன்னும் ஒரு மனிதர் அமர்ந்து, அதனைக் காப்பு நிலையிலோ மீட்புத் திரையிலோ தொடங்கி, அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்கவேண்டியதாயிற்று. அவ்வேளையில் ஒருவரும் 85 இலட்சம் கணனிகளையும் துடைத்தழிக்க எண்ணவில்லை. குற்றவாளி ஒரு கோப்பு என்று அறிந்தபின், அதனை மட்டும் வெளியேற்றினர். பெரிய நிறுவனங்களுக்குப் பொருந்தும் இந்த நிதானம் நமது வீட்டுக்கும் பொருந்தாதா?

அன்று மற்றொரு பாடமும் கிடைத்தது. பல கணனிகளின் வன்றட்டுக்கள் ‘பிற்லொக்கர்’ என்னும் முறையால் பூட்டப்பட்டிருந்தன. அத்தகைய கணனி மீட்புத் திரைவழியாகச் செல்லும்போது, 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அது கையில் இல்லாதவர்கள், திருத்த வழி தெரிந்தும் திருத்த முடியாமல் நின்றனர். அண்மைக்காலத்தில் வாங்கப்பட்ட கணனிகளுட் பலவற்றிலே, வீட்டாருக்குத் தெரியாமலே இப்பூட்டு இடப்பட்டிருக்கும். மைக்ரோசொப்ட் கணக்கின் மூலம் கணனியைத் தொடங்கியவர்களுக்கு, அத்திறவுகோல் பெரும்பாலும் அக்கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். கணனி சுகமாக இருக்கும் நாளிலே அதனைத் தேடியெடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். திறவுகோலின்றி அந்தப் பூட்டைத் திறக்க வல்லவர் ஒருவரும் இல்லை.

வீட்டார் செய்யவேண்டியவை

ஒரு கொப்பி எடுங்கள். முதற்பக்கத்திற் கணனிக் கணக்கின் முழுக் கடவுச்சொல்லையும் 48 இலக்கத் திறவுகோலையும் எழுதி, வீட்டுறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கும் அலுமாரியிற் பூட்டி வையுங்கள். இவற்றை அயலார்க்குக் காட்டவேண்டாம்.

அமைப்புக் கருவியில் எதை மாற்றினாலும், மாற்றுவதற்கு முன் திரை இருந்த விதத்தைக் கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுங்கள். ஒரே நேரத்தில் ஒரு மாற்றத்துக்கு மேற் செய்யவேண்டாம். நீக்கும் வழி தெரியாத குறியை இடவேண்டாம். பரீட்சைக்கு முதல்நாள் இச்சோதனைகளில் இறங்கவும் வேண்டாம்.

கடைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால், யந்திரத்தைக் கையளிக்குமுன், “முதலில் கோப்புக்களைப் பிரதி எடுங்கள், எம்மைக் கேளாமல் எதையும் அழிக்கவேண்டாம்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். கூடுமாயின் எழுதிக் கொடுங்கள். விண்டோஸ் தன்னைத் தானே புதுப்பிக்கும் முறையிலும், ‘கீப் மை ஃபைல்ஸ்’, ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என இரு தெரிவுகள் உண்டு. முன்னையது நமது கோப்புக்களை வைத்துக்கொண்டு, பதித்த மென்பொருள்களை நீக்கும். பின்னையது யாவற்றையும் நீக்கும். இவ்வேற்றுமையை அறிந்த வாடிக்கையாளரிடம் எவரும் அவசரப்படுவதில்லை.

மாணவர்களே! யந்திரம் ஒன்று நாம் விரும்பாத முறையில் நடக்கும்போது “இதற்கு என்ன கேடு வந்தது?” என்று கேட்பது மனித இயல்பு. அக்கேள்விக்கு முன் இன்னொரு கேள்வியைக் கேட்கப் பழகுங்கள்: “இதற்கு யார், என்ன கட்டளையிட்டனர்?” முதலாவது கேள்வி நம்மைக் கடைக்கு அனுப்பும். இரண்டாவது கேள்வி நம்மைச் சிந்திக்க வைக்கும். ஒரு சிறு பெட்டியிலுள்ள ஒரு சிறு குறியை நீக்குவதற்குச் செல்லும் நேரம் ஒரு நிமிடம். அதனை அறியாமையினால் இழக்கப்படும் பாட்டியாரின் குரலோ, எத்தனை நிமிடங்கள் செலவிட்டாலும் திரும்ப வராது.